கொள்முதல் மேஜையில் புது விசாரணை

பெரிய தொழில் ஸ்தாபனங்களில், வெளியுலகத்தின் கண்ணுக்கு அதிகம் படாததும், ஆனால் அந்த ஸ்தாபனத்தின் லாப நஷ்டத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பதுமான பிரிவு ஒன்று உண்டென்றால், அது கொள்முதல் பிரிவுதான். புதிய கைப்பேசியை மேடையேறி அறிமுகம் செய்கிறவரின் படம் பத்திரிகைகளில் வருகிறது. அதை வடிவமைத்த பொறியாளரின் திறமை நாலு பேரால் புகழப்படுகிறது. அதன் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பாகங்களை எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையிடம், என்ன விலைக்கு, எத்தனை நாள் தவணையில் வாங்குவதென்று தீர்மானித்தவரை யாரும் அறிவதில்லை. அவர் தம் எதிரே வந்து அமரும் வியாபாரியிடம் நெடுங்காலமாகக் கேட்டு வந்த கேள்விகள் மூன்றே. விலை என்ன, தரம் எப்படி, சரக்கு என்றைக்கு வந்து சேரும்? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைத்துவிட்டால், அந்தச் சரக்கு எந்தச் சுரங்கத்தில் பிறந்தது, எந்த நெருப்பில் உருகியது, அதை வெட்டியெடுத்தவன் வயிறு நிறைந்திருந்ததா என்பனவெல்லாம் அவருடைய விசாரணைக்கு அப்பாற்பட்டவையாகவே இருந்தன. கடந்த கால் நூற்றாண்டில் அந்த விசாரணையின் எல்லை மெல்ல மெல்ல விரிந்திருக்கிறது. பூமியின் வெப்பத்தைக் குறைப்போம், கனிமங்களை நேர்மையாகத் தேடுவோம், கழிவைச் சுருக்குவோம் என்று தொழில்நுட்பக் கம்பெனிகள் உலகறிய அளித்த வாக்குறுதிகள் யாவும் கடைசியில் இந்த மேஜைக்கே வந்து சேருகின்றன. ஏனென்றால், அந்தக் கம்பெனிகள் தாமே செய்வது சொற்பம், பிறரிடம் வாங்குவதே மிகுதி.

இந்த மாறுதல் இந்த நாளில்தான் தொடங்கியது என்று குறித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் துறையில் உள்ளவர்கள் இன்றும் நினைவுகூரும் சம்பவம் ஒன்று இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கிறிஸ்துமஸ் விற்பனையை எதிர்பார்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டிருந்த ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகளில் ஏறக்குறைய 13 லட்சத்தை நெதர்லாந்து அதிகாரிகள் விற்பனைக்கு விடாமல் நிறுத்திவிட்டனர். பெட்டியோடு சேர்ந்த வடங்களில், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேற்பட்ட காட்மியம் இருந்தது என்பதே காரணம். காட்மியத்தின் கொடுமையை ஜப்பானியருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டொயாமா மாகாணத்தில் சுரங்கக் கழிவோடு ஜின்ஸு நதியில் கலந்த அதே உலோகம், அந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்ட மக்களின் சிறுநீரகங்களைக் கெடுத்து எலும்புகளை நொறுக்கி வதைத்த சரித்திரம் அந்நாட்டுக்கு உண்டு. அப்படிப்பட்ட நாட்டின் தலைசிறந்த கம்பெனியொன்று தெரிந்தே அந்த நஞ்சைச் சேர்த்ததா என்றால், இல்லை. ஸோனிக்கு வடம் விற்றவர் ஒருவர், அந்த வடத்துக்கு உறை வார்த்தவர் மற்றொருவர், உறைக்குரிய பிளாஸ்டிக்கில் பொருள்களைக் கலந்தவர் வேறொருவர் என்று போன சங்கிலியின் எங்கோ ஒரு கண்ணியில் அது புகுந்திருந்தது. வாங்கியவருக்கு விலையும் தரமும் தேதியும் தெரிந்திருந்தன. உள்ளே இருப்பது என்னவென்று தெரியவில்லை.

நஷ்டம் பெரிதாக இருந்ததால் பாடமும் பெரிதாக இருந்தது. தன் சுற்றுச்சூழல் நிபந்தனைகளை ஏற்று, தணிக்கையில் தேறிய தொழிற்சாலைகளிடம் மட்டுமே இனிப் பாகங்களை வாங்குவது என்ற ஏற்பாட்டை ஸோனி அதையடுத்துக் கொண்டுவந்தது. மின்னணுச் சாதனங்களில் ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2006 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோது, உலகமெங்கும் உள்ள கொள்முதல் அதிகாரிகள் ஒவ்வொரு சிறு பாகத்துக்கும் அதன் உட்பொருள் விவரத்தை எழுதி வாங்கும் வழக்கத்துக்குப் பழகினார்கள்.

ஆனால் கம்பெனிகளுக்கு முன்னரே இந்த வழியை ஒருவாறு கண்டுகொண்டவை சர்க்கார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், வேலையற்றிருக்கும் வேளையில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் கணிப்பொறிகளுக்கு 1992-இல் எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையை வழங்கத் தொடங்கியது. விரும்பினால் பெறலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற நிலையிலிருந்த அந்த முத்திரைக்கு உண்மையான வலிமை பிறந்தது, மத்திய அரசின் இலாகாக்கள் அந்த முத்திரை பெற்ற கணிப்பொறிகளையே வாங்க வேண்டுமென்று ஜனாதிபதி கிளிண்டன் 1993 ஏப்ரலில் ஆணையிட்ட பிறகுதான். உலகத்திலேயே மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு குணத்தைக் கட்டாயமாக்கிவிட்டால், அவருக்கென்று ஒரு ரகமும் மற்றவர்களுக்கென்று இன்னொரு ரகமும் செய்துகொண்டிருக்க எந்த உற்பத்தியாளரும் பிரியப்பட மாட்டார். அந்தக் குணம் எல்லாருடைய மேஜைக்கும் வந்து சேர்ந்துவிடும்.

இதே வலிமையை 2012-ஆம் ஆண்டில் உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. கணிப்பொறிகளைப் பிரித்தெடுக்கும் எளிமை, மறுசுழற்சி, நச்சுப் பொருள் குறைவு முதலியவற்றைக் கொண்டு தரம் பிரிக்கும் ஈபீட் என்ற பதிவேடு 2006 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருந்து வந்தது. மத்திய இலாகாக்கள் வாங்கும் மின்னணுப் பொருள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்தப் பதிவேட்டில் இருப்பவையாக வேண்டுமென்று 2007-இல் வெளியான ஜனாதிபதி ஆணையும் சொல்லியிருந்தது. ஆப்பிள் கம்பெனி, பேட்டரியை உறையோடு ஒட்டிவிட்ட மெல்லிய மடிக்கணினி ஒன்றை வெளியிட்ட சமயத்தில், தன் சாதனங்களை இந்தப் பதிவேட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. செய்தி வெளியான சில தினங்களுக்குள் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம், இனி ஆப்பிள் கணிப்பொறிகளை வாங்குவதற்கில்லை என்று அறிவித்தது. அந்த நகரத்தின் அலுவலகங்களில் ஆப்பிள் கணிப்பொறிகள் சொற்பமே. பண அளவில் பார்த்தால் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் அரசு இலாகாக்களும் அதே நிபந்தனையைத் தத்தம் டெண்டர்களில் வைத்திருந்தன. ஜூலை 13-ஆம் தேதி, கம்பெனியின் வன்பொருள் பொறியியல் தலைவர் பாப் மான்ஸ்ஃபீல்டு, விலகியது தவறு என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதி, சாதனங்களை மீண்டும் பதிவேட்டில் சேர்த்தார். விளம்பரத்தாலும் பிரசாரத்தாலும் வருஷக்கணக்கில் சாதிக்க முடியாத ஒன்றை, டெண்டர் படிவத்தின் ஒரு வரி ஒரு வாரத்துக்குள் சாதித்துவிட்டது.

இனி, கரிக்கணக்குக்கு வருவோம். இன்றைய கொள்முதல் அதிகாரியின் தலைவலியில் பெரும்பாகம் அதுவே. ஒரு கம்பெனியால் காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடுவதற்கு 2001-இல் வகுக்கப்பட்ட முறை மூன்று வட்டங்களைக் காட்டியது. தன் சொந்தக் கொதிகலனிலும் வண்டிகளிலும் எரிபொருளை எரிப்பதால் உண்டாவது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பொருட்டு வேறிடத்தில் எரிவது இரண்டாவது. வாங்கும் பொருள், அது வந்த கப்பல், விற்ற சாதனத்தை வாடிக்கையாளர் பயன்படுத்தும் மின்சாரம், கடைசியில் குப்பையாகிப் போவது வரை எஞ்சியதெல்லாம் மூன்றாவது. இந்த மூன்றாம் வட்டத்தைக் கணக்கிடும் விரிவான விதிகள் 2011-இல் வெளியாயின. மென்பொருள் விற்கும் கம்பெனிக்குப் புகைபோக்கி ஏது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மைக்ரோசாப்ட் தன் மொத்த உமிழ்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் மூன்றாம் வட்டத்தைச் சேர்ந்தது என்று தானே கணக்குக் காட்டியிருக்கிறது. ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டாலும், அதன் ஆயுள் முழுவதற்குமான கரி உமிழ்வில் ஐந்தில் நான்கு பங்கு அளவு அதைச் செய்து முடிப்பதற்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே, ஓர் ஆண்டைக் குறித்து அதற்குள் உமிழ்வை இல்லாமற் செய்கிறோம் என்று தலைமை அதிகாரி அறிவித்த மாத்திரத்தில், அதை நிறைவேற்றும் பொறுப்பு அவரிடமிருந்து நழுவி, கொள்முதல் பிரிவுக்கும், அங்கிருந்து அவருக்குப் பொருள் விற்கும் ஆயிரம் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறது.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு முதலில் போய்ச் சேருவது ஒரு வினாத்தாள். சென்ற ஆண்டு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு தண்ணீர், உங்களுக்குப் பொருள் விற்பவர்களின் உமிழ்வு என்ன என்று பக்கம் பக்கமாக அது விரியும். பத்து வாடிக்கையாளர் இருந்தால் பத்து விதமாக வரும். விடை கிடைக்காத இடங்களை வாங்குபவர் ஒரு சராசரியைக் கொண்டு நிரப்பிவிடுகிறார். ஒரு ரகப் பொருளுக்காக எவ்வளவு பணம் செலவழித்தோம் என்று பார்த்து, அந்தத் தொகையை அந்தத் தொழிலின் சராசரி உமிழ்வு விகிதத்தால் பெருக்கிக்கொள்வது இன்றும் பரவலாக உள்ள முறை. இதில் மறைந்திருக்கும் அநீதியைச் சாதாரண வாசகரும் எளிதில் உணரலாம். ஒரு பட்டறைக்காரர் கடன் வாங்கிக் காற்றாலை மின்சாரத்துக்கு மாறி, அந்தச் செலவை ஈடுகட்டத் தம் பொருளின் விலையைச் சிறிது உயர்த்தினால், பணத்தைப் பெருக்கும் இந்தக் கணக்கில் அவர் முன்னைவிட அதிகமாகப் புகை விட்டவராகத் தோன்றுவார். பழைய நிலக்கரி மின்சாரத்திலேயே இருந்துகொண்டு விலையைக் குறைத்த அடுத்த வீட்டுக்காரர் சுத்தமானவராகத் தோன்றுவார். நேரில் அளந்த எண்கள் கிடைக்காத வரையில் நல்லது செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகையால்தான், சராசரியை விட்டு ஒவ்வொரு தொழிற்சாலையின் மெய்யான அளவுகளைப் பெறுவதில் வாங்குபவர்கள் இப்போது முனைந்திருக்கிறார்கள். அந்த முனைப்பு நல்லதே. அளப்பதற்கான கருவியின் செலவையும் ஆளின் சம்பளத்தையும் யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் பேச்சு பெரும்பாலும் நின்றுபோகிறது.

கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளாத கொள்முதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, காங்கோ நாட்டின் கிழக்குப் பகுதியில் நடந்ததைவிடத் துயரமான உதாரணம் எனக்குத் தெரியாது. மின்னேற்றத்தைச் சிறு இடத்தில் தேக்கிவைக்கும் மின்தேக்கிகளுக்கு டான்டலம், பாகங்களைப் பற்றவைக்க வெள்ளீயம், கைப்பேசியை அதிரச் செய்யும் சிறு மோட்டாருக்கு டங்ஸ்டன், இணைப்புகளுக்குத் தங்கம் ஆகிய நான்கும் அங்கே கிடைக்கின்றன. கீவு மாகாணங்களின் மலைச்சரிவுகளில் மண்வெட்டியாலும் கையாலும் அவற்றைத் தோண்டுகிற ஏழைகளிடம் ஆயுதக் கும்பல்கள் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போரை நடத்தின. இதைத் தடுக்கும் உத்தேசத்தோடு 2010-இல் அமெரிக்கா இயற்றிய நிதிச் சீர்திருத்தச் சட்டமான டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆம் பிரிவு, அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கம்பெனிகள் இந்த நான்கு கனிமங்களும் காங்கோவிலிருந்தோ அதைச் சூழ்ந்த ஒன்பது நாடுகளிலிருந்தோ வந்தனவா என்று விசாரித்து வெளியிட வேண்டுமென்றது. அங்கே வாங்கக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. விசாரித்துச் சொல் என்றே சொன்னது.

விசாரிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோண்டுகிறவனிடம் வாங்கும் தரகன், அவனிடம் வாங்கும் ஊர் வியாபாரி, ஏற்றுமதிக்காரன், வேறொரு கண்டத்தில் உள்ள உருக்காலை, அதனிடம் வாங்கிப் பொடியும் கம்பியும் செய்பவர், பாகம் செய்பவர், பாகங்களைப் பலகையில் பொருத்துபவர் என்று கடந்து வந்த பிறகே கைப்பேசிக் கம்பெனியின் பெயர் வருகிறது. உருக்காலையில் பல நாட்டுத் தாதுக்கள் ஒன்றாகிவிட்டால், எந்தத் துகள் எந்த மலையில் பிறந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதனால், சங்கிலியின் மிகக் குறுகிய இடமாகிய உருக்காலையிலேயே காவலை வைப்பதென்று கம்பெனிகள் கூடி முடிவு செய்தன. உலகிலுள்ள உருக்காலைகளைத் தணிக்கை செய்து, தேறியவற்றின் பட்டியலை வெளியிட்டன. இன்டெல் கம்பெனி தன் ஆட்களைப் பல நாட்டு உருக்காலைகளுக்கு நேரில் அனுப்பிப் பல ஆண்டு உழைத்தபின், அதன் தலைமை அதிகாரி பிரையன் கிரசானிச் 2014 ஜனவரியில், தங்கள் நுண்செயலிகளில் போருக்குப் பணம் கொடுத்த கனிமம் இல்லை என்று அறிவித்தார். இது மெச்சத்தக்க கைங்கரியம். ஒரு தொழில் தன் மூலப் பொருளை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து போனது அதற்கு முன் அபூர்வம்.

ஆனால் எல்லாரும் இன்டெல்லைப் போல நடந்துகொள்ளவில்லை. விசாரிப்பதற்குப் பணமும் காலமும் ஆகும். அந்தப் பிரதேசத்தையே ஒதுக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது. பலர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். இதற்கிடையே காங்கோ ஜனாதிபதி கபிலா, 2010 செப்டம்பரில் மூன்று கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையை அடியோடு நிறுத்தி, மறு ஆண்டு மார்ச் வரை அந்தத் தடையை நீட்டித்தார். ஆயுதம் ஏந்தியவன் வேறு வரி வசூலுக்குப் போனான். மண்வெட்டி ஏந்தியவனுக்குப் போக இடமில்லை. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அந்தக் குழிகளிலிருந்தே வந்துகொண்டிருந்த குடும்பங்கள், தாங்கள் ஒருநாளும் கண்டிராத கம்பெனிகளின் நற்பெயரைக் காப்பதற்காகப் பட்டினி கிடந்தன. பிற்பாடு, தாது மூட்டைகளுக்குச் சுரங்க வாயிலிலேயே எண்ணிட்ட சீட்டுக் கட்டி அனுப்பும் ஏற்பாடு பரவி, வியாபாரம் ஓரளவு திரும்பியது. சீட்டுகளே கைமாறி விற்கப்படுகின்றன என்ற புகாரும் கூடவே எழுந்தது. 2024-இல், உலகத்தின் டான்டலத்தில் கணிசமான பங்கைத் தரும் ருபாயா சுரங்கப் பகுதியை எம்23 என்ற கிளர்ச்சிப் படை கைப்பற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் காங்கோ அரசாங்கம் ஆப்பிளின் துணைக் கம்பெனிகள் மீது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குற்றப் புகார் கொடுத்தது. ஆப்பிள் அதை வன்மையாக மறுத்ததோடு, காங்கோவிலிருந்தும் ருவாண்டாவிலிருந்தும் இந்தக் கனிமங்களை எடுப்பதை நிறுத்தும்படி தனக்குப் பொருள் தருபவர்களிடம் முன்னரே சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தது. போர் மூண்ட இடத்தில் வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆயினும், பதினான்கு ஆண்டு முயற்சிக்குப் பின்னும் தோண்டுகிறவனின் வாசலில் வந்து நின்றது அதே கதவடைப்புத்தான் என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் தைவான் கடலில் கிடைக்கிறது. உலகின் முன்னணிச் சிப் உற்பத்தியாளரான டிஎஸ்எம்சி, அந்தத் தீவின் மொத்த மின்சாரத்தில் பெரும் பங்கொன்றைத் தானே உண்ணும் ஆலைகளை வைத்திருக்கிறது. அந்தத் தீவிலோ மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியாலும் எரிவாயுவாலும் உண்டாவது. சிப் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள் தங்கள் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டுமானால், டிஎஸ்எம்சி மாற வேண்டும். டிஎஸ்எம்சி மாற வேண்டுமானால், இதுவரை இல்லாத மின்சாரம் எங்கேனும் புதிதாகப் பிறக்க வேண்டும். 2020 ஜூலையில் அது டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் கம்பெனியோடு, சாங்ஹுவா கரைக்கு அப்பால் கடலில் எழ இருந்த 920 மெகாவாட் காற்றாலைகளின் மின்சாரம் முழுவதையும் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தது. காற்றாலைக்குக் கடன் கொடுக்கும் வங்கி கேட்பது, இந்த மின்சாரத்தை வாங்க ஆள் உண்டா, எத்தனை ஆண்டுக்கு வாங்குவார் என்பதை மட்டுமே. இருபதாண்டுக் கையெழுத்து ஒன்று இருந்தால் கடலின் நடுவிலும் தூண் நாட்டலாம். அது இல்லாமல் எத்தனை வினாத்தாள் அனுப்பினாலும் ஒரு யூனிட் கூடப் பிறக்காது. முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறும் இலக்கை 2050 என்று வைத்திருந்த அந்தக் கம்பெனி, 2023-இல் அதை 2040-க்கு முன்தள்ளிக்கொண்டது.

சிறு தொழிற்சாலைகளால் இப்படித் தனியாக ஒப்பந்தம் போட முடியாது என்ற உண்மையை உணர்ந்தும் ஒரு காரியம் நடந்திருக்கிறது. 2018 ஜூலையில் ஆப்பிளும், சீனாவில் அதற்குப் பொருள் தரும் பத்துக் கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய 30 கோடி டாலர் போட்டு, 1,000 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் எழுப்பும் நிதியொன்றை ஏற்படுத்தின. அதே ஆண்டில், 1886-இலிருந்து பெரிய மாறுதலின்றி நடந்து வரும் அலுமினிய உருக்குமுறையில் கரித்தண்டுகள் எரிந்து கரியமில வாயு வெளிப்படுவதற்குப் பதிலாகப் பிராணவாயு வெளிப்படும்படி செய்யும் புது முறையை வளர்ப்பதற்கு, அல்கோவா, ரியோ டின்டோ என்ற இரண்டு பெரிய உலோகக் கம்பெனிகளும் கனடா, கியூபெக் அரசாங்கங்களும் ஆப்பிளும் முதலீடு செய்தன. மறு ஆண்டு அந்த முறையில் வார்த்த உலோகத்தின் முதல் சரக்கை ஆப்பிளே வாங்கிக்கொண்டது. வாங்குபவர் முதலீட்டில் கைகொடுத்து, விளைந்ததைத் தாமே எடுத்துக்கொள்வதாக உறுதியும் தரும்போது, எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு நிபந்தனை ஒரு தண்டனையாகத் தோன்றுவதில்லை.

இவ்வளவும் இருக்க, வாங்கும் அளவே பெருகிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில், 2030-க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியைக் காற்றிலிருந்து நீக்குவதாக உறுதி கூறியது. 2024-இல் அது வெளியிட்ட அறிக்கை, 2020-ஐவிட மொத்த உமிழ்வு 29.1 சதவீதம் உயர்ந்திருப்பதை ஒப்புக்கொண்டது. செயற்கை நுண்ணறிவுக்காக எழும் தரவு மையங்களின் இரும்பும் சிமெண்டும், அவற்றை நிரப்பும் சிப்புகளும் கணிப்பொறி அடுக்குகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. கூகிளின் கணக்கிலும் 2019-க்கும் 2023-க்கும் இடையே 48 சதவீத உயர்வு. மறைக்காமல் வெளியிட்டமைக்காக இவர்களைப் பாராட்டுவேன். பொருள் தரும் பெரிய தொழிற்சாலைகள் 2030-க்குள் கரியற்ற மின்சாரத்துக்கு முழுவதும் மாற வேண்டுமென்று மைக்ரோசாப்ட் அதன்பின் நிபந்தனை விதித்ததும், மரத்தால் தரவு மையம் கட்டிப் பார்ப்பதும் முயற்சியின் அறிகுறிகளே. ஆனால் ஓர் இயந்திரத்தை முன்னைவிடச் சுத்தமாகச் செய்து, முன்னைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் வாங்கினால், வானம் எண்ணிக்கையைத்தான் அறியும். இது கொள்முதல் அதிகாரியால் தீர்க்கக்கூடிய விஷயம் அன்று. எவ்வளவு வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் நாற்காலி அவருடையதல்ல.

எத்தனை காலம் வைத்துக்கொள்வது என்பதில் அவருக்கு அதிகாரம் உண்டு. செய்யும்போதே பெரும் பங்கு உமிழ்வு நிகழ்ந்துவிடுகிற சாதனத்தை மூன்றாண்டுக்குப் பதிலாக நான்காண்டு உபயோகித்தால், அந்தப் பங்கில் ஓர் ஆண்டுக்கு விழும் பாரம் கால்வாசி குறைந்துவிடுகிறது. இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்ற முடியுமா, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், மென்பொருள் திருத்தங்கள் எதுவரை வரும் என்ற கேள்விகள் டெண்டர்களில் ஏறத் தொடங்கியிருப்பது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், அங்கே விற்கும் கைப்பேசிகளுக்கு விற்பனை முடிந்த பின்னும் ஏழாண்டு உதிரிப் பாகமும் ஐந்தாண்டு மென்பொருள் திருத்தமும் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று விதித்திருக்கிறது. பிரான்சில் அரசு அலுவலகங்களும் உள்ளாட்சிகளும் வாங்கும் பொருள்களில், ரகத்துக்கேற்ப 20 சதவீதமோ அதற்கு மேலோ, ஏற்கெனவே பயன்படுத்திப் புதுப்பித்தவையாகவோ மறுசுழற்சிப் பொருள் கலந்தவையாகவோ இருக்க வேண்டுமென்பது 2021 முதல் சட்டம். பழைய கணிப்பொறியைத் துடைத்துப் பழுது நீக்கி விற்பவரை வாசலில் நிறுத்திவைத்த அலுவலகங்கள், அவரை உள்ளே அழைத்து விலை கேட்கின்றன.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இவற்றைத் தூரத்துச் செய்தியாகப் படிப்பதற்கில்லை. ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படுகின்றன. அவற்றின் உறைகள் ஓசூருக்கு அருகே உருவாகின்றன. அவற்றைச் சுற்றி முலாம் பூசும் பட்டறை, அச்சு வார்க்கும் பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர் என்று சிறு தொழில்கள் வளர்கின்றன. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக வெளியிட வேண்டுமென்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதித்த பிறகு, அந்த வினாத்தாள் அயல்நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் வருவதாகவும் இல்லை. நமக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. 1990-களிலிருந்தே கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்காக ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிற காற்றோட்டமான இடங்களிலும் காற்றாலைகளை நிறுவி, மின்வாரியக் கம்பிகள் வழியே அந்த மின்சாரத்தைப் பெற்று வந்திருக்கின்றன. மின்சாரத்தை வாங்குகிறவனே அதைப் பிறப்பிக்கவும் முடியும் என்பது இங்கே பழகிய விஷயம்.

பழகாதது வேறொன்று. கூரையில் சூரியத் தகடு போட விரும்பும் பட்டறைக்காரர் வங்கியில் வாங்கும் கடனுக்குத் தவணை பல ஆண்டுகள் ஓடும். அவர் கையில் இருக்கும் ஆர்டரோ பெரும்பாலும் சில மாதங்களுக்கே. இடையில் வாடிக்கையாளர் விலை குறைவென்று வேறிடம் போய்விட்டால், தகடுகள் கூரையில் இருக்கும், கடன் தலையில் இருக்கும். வினாத்தாளில் அவர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றேனும் இருப்பதில்லை. எத்தனை ஆண்டுக்கு வாங்குவார், கூடுதல் செலவில் எவ்வளவு ஏற்பார் என்ற இரண்டு வரிகளை அந்தத் தாளின் அடியில் அச்சிட்டு, அவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமென்று நம் சிறு தொழில் சங்கங்கள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.